ரெஜிஸ்டரில் அப்பா எழுதிய எண்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான். இரண்டு நாள் மழை பெய்ததில், நம் தங்கச் சுரங்கத்துக் கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டுப் பக்கம் தூசி அடங்கியிருக்கிறது. சித்தி ஊறுகாய் போட்டிருக்கிறாள், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நீ பேசி நாலு ஞாயிற்றுக்கிழமை ஆகிறது. வேலை இருக்கும், எனக்குத் தெரியாதா. ஆனால் போன தடவை, "அங்கே காற்றை யார் அளக்கிறார்கள்?" என்று கேட்டதும், "வேலையைப் பத்தி வேண்டாம்பா" என்று சொல்லிவிட்டு அம்மாவைக் கூப்பிடச் சொன்னாய். அதற்கப்புறம் போன் இல்லை. நான் திரும்பக் கேட்கப் போவதில்லை. படித்ததை மட்டும் சொல்கிறேன்.

நீ அமெரிக்காவில், யூட்டாவின் வெல்வெட் யுரேனியச் சுரங்கத்தில் சேர்ந்தபோது நம் லைனில் ஒரு வீடு பாக்கி விடாமல் போய்ச் சொன்னேன். நம் நாட்டில் 2019 வரை பெண்களைப் பூமிக்கு அடியில் வேலை செய்யச் சட்டமே விடவில்லை. தாத்தா இறங்கினார், நான் இறங்கினேன், சித்தப்பா இறங்கினான். என் பெண் இஞ்சினியராக இறங்குகிறாள் என்று சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதற்காக, சுரங்கத்தைப் பற்றி அப்பாவிடம் பேச ஒன்றுமில்லை என்று நினைத்துவிடாதே.

அந்தச் சுரங்கத்தின் கதையைத் தேடித் தேடிப் படித்தேன். 1979 முதல் 1984 வரை ஐந்தே வருஷம். நாலு லட்சம் டன் தாது எடுத்து, அதிலிருந்து சுமார் 40 லட்சம் பவுண்டு யுரேனியம் ஆக்சைடும் 50 லட்சம் பவுண்டு வனேடியம் ஆக்சைடும் பிரித்திருக்கிறார்கள். அப்புறம் விலை இல்லை, மூடிவிட்டார்கள். 2016-இல் பவுண்டு 20 டாலருக்கும் கீழே கிடந்த யுரேனியம் 2024 ஜனவரியில் 100 டாலரைத் தாண்டியது. ரஷ்யச் சரக்கு வேண்டாம் என்று அந்த வருஷமே சட்டமும் போட்டார்கள். உடனே எல்லோருக்கும் பழைய குழிகளின் ஞாபகம். 2025 மே மாதம் சுற்றுச்சூழல் ஆய்வுக்கு 14 நாள் கெடு வைத்து, அதற்குள்ளாகவே அனுமதி கொடுத்துவிட்டார்கள். மேலே புதிதாகக் கிளறப்போவது மூன்று ஏக்கர்தானாம். சரி, மேலே மூன்று ஏக்கர். நீ இருக்கப்போவது கீழே.

நாற்பது வருஷம் மூடிக் கிடந்த சுரங்கம், பாப்பா. நின்றுபோன காற்றில் ரேடான் என்கிற கதிரியக்க வாயு சேர்ந்துகொண்டே இருக்கும். நிறமில்லை, மணமில்லை. தேங்கிய தண்ணீரிலும் கரைந்திருக்கும், பம்பு போட்டு இறைக்கும்போது அதிலிருந்து வெளியே வரும். இது உனக்குத் தெரியாததல்ல, ஆனாலும் சொல்கிறேன்: பம்பு ஓடும் பக்கம் காற்று ஓட்டம் பார்க்காமல் போகாதே. மூச்சில் போன ரேடான் மூச்சிலேயே வெளியே வந்துவிடும். அது சிதைந்து பிறக்கும் பொலோனியத் துகள்தான் தூசியில் ஒட்டிக்கொண்டு நுரையீரலில் போய் உட்காரும். எங்களுக்குப் பாறைத் தூசி மட்டும்தான். உனக்கு மணற்கல் தூசியும் உண்டு, இதுவும் உண்டு. காற்றை அள. அடுத்தவர் அளந்ததை வாங்கி எழுதாதே.

வனேடியம் பற்றி நீ எவ்வளவு ஆசையாகச் சொன்னாய். ஒரு சிட்டிகை சேர்த்தால் எஃகு உறுதியாகும், அந்தக் காலத்து ஃபோர்டு மாடல் டி கார் ஓடியதே அதில்தான் என்று. நீ இருக்கிற அதே கொலராடோ பீடபூமியில் யுரவன் என்று ஒரு ஊர் இருந்ததாமே. யுரேனியம், வனேடியம் இரண்டையும் சேர்த்து வைத்த பெயர். வனேடியத்துக்காக 1936-இல் கட்டிய ஊர். 1940-களில், வனேடியம் எடுத்தபின் குவித்து வைத்த கசடிலிருந்தே அணுகுண்டுக்கு யுரேனியம் எடுத்திருக்கிறார்கள். இன்றைக்கு அங்கே குடியிருக்க ஒரு வீடு இல்லை. அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நம் லைன் வீடுகள்தான் கண்முன் வந்தன.

ஆனால் என்னைத் தூங்க விடாதது வேறு. 1950-இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை டாக்டர்கள் அந்தப் பக்கத்துச் சுரங்கத் தொழிலாளிகளைப் பரிசோதிக்க ஆரம்பித்தார்கள். அதில் நவாஹோ என்கிற அந்த மண்ணின் பூர்வகுடி ஆட்கள் நிறையப் பேர். ஆட்களிடம் ஆபத்தைச் சொல்லிப் பயமுறுத்தக் கூடாது, அப்படியானால்தான் உள்ளே விடுவோம் என்று சுரங்கக்காரர்கள் நிபந்தனை போட்டார்கள். டாக்டர்களும் ஒப்புக்கொண்டார்கள். ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், எதற்கென்று சொல்லவில்லை. மத்திய அரசு கதிர்வீச்சுக்கு ஒரு வரம்பு வைத்தது 1967-இல். ஒரு ஆள் வருஷத்துக்கு இவ்வளவுதான் வாங்கலாம் என்கிற இன்றைய வரம்பு 1971-இல். அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தேன்.

பாப்பா, சித்தப்பாவுக்கு டிபி இல்லை.

நான் ஷிஃப்ட் பார்த்த காலத்தில் தூசி ரெஜிஸ்டர் என் கையில்தான் இருந்தது. வாரத்துக்கு ஒரு நாள் கீழே போய், துளை போடும் இடத்தில் நின்று அளக்க வேண்டும். போவேன், முதலில் எல்லாம். அப்புறம் வெக்கை, உடம்பு முடியாது, மேலே டீ வந்திருக்கும். போன வாரத்து எண்ணைப் பார்த்து, கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து நீல மையில் எழுதுவேன். டீ கிளாஸ் வைத்த வட்டம் அந்தப் பக்கத்தில் இருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்த துளைதான் போட்டார்கள் என்று ரெஜிஸ்டரில் எங்கும் இருக்காது. துளை மிஷினைப் பிடித்து நின்றவன் என் தம்பி.

அவனுக்கு மூச்சு முட்ட ஆரம்பித்ததும் நான்தான் வேறு ஊர் டாக்டரிடம் கூட்டிப்போனேன். என்ன வேலை என்று டாக்டர் கேட்டார். அவனுக்குப் பேச மூச்சில்லை. "மேல் வேலைதான் டாக்டர்" என்று நான் சொன்னேன். தூசி நோய் என்று எழுதினால் ரெஜிஸ்டரைக் கேட்பார்கள். டிபி என்று எழுதினார்கள். கடைசிப் பதினோரு மாதம் அவன் மடியில் தலையணையை வைத்து அதன்மேல் கவிழ்ந்துதான் தூங்கினான். நீயும் பார்த்திருக்கிறாய், சின்னப் பெண். என்னை அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நீ இருக்கிற நாட்டில் 1990-இல் ஒரு சட்டம் போட்டு, அந்தச் சுரங்கத் தொழிலாளிகளுக்கும் விதவைகளுக்கும் ஒரு லட்சம் டாலர் கொடுத்தார்கள். 2024-இல் காலாவதியாகி, 2025-இல் மறுபடி உயிர் கொடுத்திருக்கிறார்கள். சித்திக்கு ஒரு பைசா கிடைக்கவில்லை, என் கையெழுத்தால். நாம் அவளுக்குச் செய்தது உதவி என்று நீ இத்தனை வருஷம் நினைத்திருப்பாய்.

காற்றை அளந்து எழுதும் உன் தாளில் உன் கையெழுத்து இருக்கிறதா, இல்லையா, நான் கேட்கவில்லை. "வேலையைப் பத்தி வேண்டாம்" என்று நானும் இந்த வீட்டில் சொல்லியிருக்கிறேன், அம்மாவைக் கேள். வேலையை விட்டுவிட்டு வந்தாலும் உன் அறை அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதான் பேச வேண்டும் என்றில்லை, ராத்திரி எத்தனை மணியானாலும் பேசு.

சித்தி உனக்கென்று தனியாக ஒரு ஜாடியில் மாங்காய் ஊறுகாய் எடுத்து வைத்திருக்கிறாள். எண்ணெய் ஒழுகாமல் கட்டித் தரச் சொல்லியிருக்கிறேன். பார்சலுக்கு உன் புது விலாசம் வேண்டுமாம், பின்கோடோடு எழுது. சித்தியிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அவள் நாளைக்குக் காலையில் ஜாடியோடு வருவாள்.

அன்புடன்,
அப்பா