மச்சினனிடம் தோற்ற கதை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்தது கேட்டு நிம்மதி. இங்கே பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள், கைக்கெட்டும் உயரத்தில் எதையும் வைக்க முடியவில்லை.

அரசியல் பேச்சில் புள்ளிவிவரத்தை யாரும் சட்டை செய்வதில்லை, அழுதால்தான் கேட்கிறார்கள் என்று பொரிந்து தள்ளியிருந்தாய். போன மாதம் எனக்கும் அதே அனுபவம். வேலையின்மை குறைந்திருக்கிறது என்று மச்சினனிடம் சதவீதத்தோடு சொன்னேன். அவன் வேலை போன தன் நண்பனின் கதையைச் சொன்னான். கூடியிருந்த அத்தனை பேரும் அவன் பக்கம்!

ஆனால் யோசிக்க யோசிக்க, எண்கள் மீதும் எனக்குச் சந்தேகம் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவதா வேண்டாமா என்று 2016-இல் பிரிட்டனில் நடந்த வாக்கெடுப்பு நினைவிருக்கிறதா? ஒன்றியத்துக்கு வாரம் 35 கோடி பவுண்டு அனுப்புகிறோம் என்று விலகச் சொன்னவர்கள் சிவப்புப் பேருந்தில் எழுதிக்கொண்டு சுற்றினார்கள். பிரிட்டனுக்குரிய தள்ளுபடியைக் கழிக்காத கணக்கு அது. அந்நாட்டின் புள்ளியியல் ஆணையமே அது மக்களைத் தவறாக எண்ணவைக்கும் என்றது. மறுத்தவர்களோ, மறுக்கும்போதெல்லாம் அந்த 35 கோடியையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கேட்டவன் மனதில் வேறென்ன தங்கும்? பார்க்கப்போனால் அதுவும் ஒரு கண்ணீர்க் கதைதான், எண் வேஷம் கட்டி வந்தது.

இதற்கு நேர்மாறாக ஒன்று. பிரிட்டனில் அடிமை வணிகத்தை எதிர்த்தவர்கள் 1788-இல் ப்ரூக்ஸ் என்ற அடிமைக் கப்பலின் தள வரைபடத்தை அச்சிட்டார்கள். தோளோடு தோள் நெருக்கி மனிதர்களைப் படுக்கவைத்த படம். புலம்பல் இல்லை, சாபம் இல்லை, வெறும் அளவு. சட்டம் அந்தக் கப்பலுக்கு அனுமதித்தது 454 பேர். அதற்கு முன் 609 பேரை ஏற்றிப் போயிருக்கிறது. 609 பேரையும் அவர்கள் வரையவில்லை. குறைத்துக் காட்டியும் பார்த்தவர்கள் கலங்கினார்கள். பிரிட்டன் அந்த வணிகத்தை ஒழித்தது 1807-இல்தான், அது வேறு விஷயம்.

அந்தப் படத்தில் எது தகவல், எது உணர்ச்சி என்று உன்னால் பிரிக்க முடியுமா? எனக்கு முடியவில்லை.

மச்சினன் சொன்ன கதை பொய்யில்லை, தெரியுமா. அந்த மனிதர் என்ன வேலை பார்த்தார், ஏன் போயிற்று, அவரைப் போல இன்னும் எத்தனை பேர் என்று ஒரு கேள்வி நான் கேட்கவில்லை. சதவீதத்தைத் தூக்கி வீசிவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறான். முதலில் அதைக் கேட்கிறேன், கணக்கெல்லாம் அப்புறம்.

மருந்தை நிறுத்திவிடாதே.

அன்புடன்,
உன் பழைய சண்டைக்காரன்