அலுமாரிக்குள் இருக்கும் வெளிநாட்டுத் தாள்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நல்லூர்த் திருவிழா தொடங்கிவிட்டது. வெளிநாடுகளில் இருக்கும் எங்கள் பிள்ளைகளும் சகோதரங்களும் வந்து நிற்கிறார்கள். அவர்கள் திரும்புவதற்குள் இந்தக் கடிதம் பத்திரிகையில் வந்தால் பல வீடுகளுக்கு உதவியாக இருக்கும் என்பதால் அவசரமாக எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு 81 வயது. போன வருடம் அவருக்குக் கண்ணில் ஒப்பரேசன் செய்யவேண்டி வந்தது. செலவைப் பற்றி நாங்கள் கதைத்துக்கொண்டிருந்தபோது அம்மா மெல்ல எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தார். கூறைச் சேலைக்குக் கீழே ஒரு பழைய பால்மா ரின். அதற்குள் ஒரு கடித உறை. உறைக்குள் நாலாக மடித்த ஒரே ஒரு தாள். ஊதா நிறம், ஆயிரம் சுவிஸ் பிராங்க். 2014 இல் அண்ணா ஊருக்கு வந்தபோது அம்மாவின் கையில் வைத்துவிட்டுப் போனது.

"என்ரை செத்தவீட்டுக்கு எண்டு வைச்சிருந்தனான். ஒருதரிட்டையும் கை நீட்டக்கூடாது எண்டுதான். இப்ப கண்ணுக்கு எடுங்கோ" என்றார்.

இலங்கைக் காசில் அது மூன்று இலட்சத்துக்கும் மேலே. மறுநாள் காலையிலேயே அதை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாண நகரில் ஒரு வங்கிக்குப் போனேன். கவுண்டரில் இருந்த தம்பி தாளை விரித்துப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், உள்ளே கொண்டுபோய்க் காட்டினார். திரும்பி வந்து, "அக்கா, இது பழைய தாள். நாங்கள் எடுக்கிறதில்லை" என்றார். அதற்கு மேல் ஒரு விளக்கமும் இல்லை. இரண்டாவது வங்கியிலும் அதே பதில். அப்புறம் கஸ்தூரியார் வீதிப் பக்கம் காசு மாற்றும் இடம் ஒன்றில் கேட்டேன். அங்கே எடுப்பார்களாம், ஆனால் பாதி விலைதான் தருவார்களாம். தாளை உறைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் என்ன சொல்வது?

பிறகுதான் அண்ணாவிடம் கேட்டு விஷயத்தை அறிந்துகொண்டேன். அந்தத் தாள் சுவிஸ் நாணயத்தாள்களின் எட்டாவது வரிசையைச் சேர்ந்தது. 2021 ஏப்ரல் 30 உடன் அந்த வரிசை முழுவதையும் அந்நாட்டு மத்திய வங்கியான சுவிஸ் தேசிய வங்கி திரும்ப அழைத்துவிட்டது. கடையில் கொடுத்தால் எடுக்கமாட்டார்கள். ஆனால் தேசிய வங்கியிடம் கொடுத்தால் முழுப் பெறுமதியும் கிடைக்கும். முன்பு அதற்கு 20 ஆண்டுக் காலவரை இருந்ததாம், 2020 இல் அதையும் எடுத்துவிட்டார்கள். அதாவது அந்தத் தாள் செத்துப் போகவில்லை, பேர்ணிலும் சூரிச்சிலும் அதற்கு உயிர் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில்தான் இல்லை.

எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவிடம் 20 பவுண் தாள்கள் நாலு இருக்கின்றன. மகள் லண்டனிலிருந்து வந்து போகும்போது கொடுத்தவை, எல்லாம் கடதாசித் தாள்கள். கடதாசியில் அடித்த 20, 50 பவுண் தாள்கள் 2022 செப்டெம்பர் 30 க்குப் பிறகு அங்கே கடைகளில் செல்லாது. அந்நாட்டு மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கி மட்டும் காலவரை இல்லாமல் மாற்றிக் கொடுக்கும். கனடாவின் ஆயிரம் டொலர்த் தாளும் அப்படித்தான். 2000 ஆம் ஆண்டிலேயே வெளியிடுவதை நிறுத்தினார்கள், 2021 ஜனவரி 1 முதல் அது சட்டப்படி செல்லுபடியாகாது, மத்திய வங்கியான கனடா வங்கிதான் மாற்றிக் கொடுக்க வேண்டும். 500 யூரோத் தாளின் கதை வேறு. கறுப்புப் பணம் கடத்துகிறவர்களுக்கு வசதியாகப் போய்விடுகிறது என்று 2019 இல் அதை வெளியிடுவதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் கையில் இருப்பது இன்றைக்கும் செல்லும். இது தெரியாமல் "யூரோ 500 செல்லாதாம்" என்ற கதையை நம்பி யாரும் அரைவிலைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

ஏன் வங்கியில் போடாமல் ரின்னுக்குள் வைத்தீர்கள் என்று இளம் பிள்ளைகள் கேட்கிறார்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு யுத்தத்தால் ஊரே இடம்பெயர்ந்து மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் நடந்தபோது எங்கள் வீட்டிலிருந்து வந்தவை அம்மா இடுப்பில் முடிந்துகொண்ட தாள்களும் நகையும்தான். வீடும் மாடும் நெல்லும் அங்கேயே. பெரிய தாள் ஒன்று என்றால் பாரமில்லை, எங்கேயும் ஒளிக்கலாம். அந்தப் பழக்கம் அம்மாவின் உடம்போடு ஊறிப்போய்விட்டது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

இத்தனைக்கும் தாள் செல்லாமல் போவது அவருக்குப் புதிதும் அல்ல. கலாநிதி என். எம். பெரேரா நிதியமைச்சராக இருந்த 1970 இல் 50, 100 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவித்தபோது, வெங்காயம் விற்ற காசைத் தலையணைக்குள் வைத்திருந்த எங்கள் அப்பு வங்கி வாசலில் நின்ற கதையை அம்மாதான் எனக்குச் சொல்லியிருக்கிறார். 2016 நவம்பர் 8 இரவு இந்தியாவில் 500, 1000 ரூபாய்த் தாள்களை நிறுத்தியபோது, தமிழ்நாட்டு அகதி முகாம்களிலிருந்து திரும்பிய எங்கள் உறவுகள் சிலரிடமும் அந்தத் தாள்கள் இருந்தன. அவர்களுக்கு அந்தக் காசு போனது போனதுதான். சுவிஸ், இங்கிலாந்து, கனடாத் தாள்களுக்கு அப்படி இல்லை. கொண்டுபோய்க் கொடுக்க ஆள்தான் வேண்டும்.

எங்களுக்கு ஆள் இருந்தது. அண்ணாவின் மகன் வந்தபோது அவரிடம் தாளைக் கொடுத்துவிட்டேன். பேர்ணில் மாற்றி, ஒரு சதமும் குறையாமல் வங்கி மூலம் அனுப்பினார். ஆள் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? தபாலிலும் அனுப்பலாம் என்று அந்த வங்கிகள் சொல்கின்றன. ஆனால் மூன்று இலட்சம் ரூபாயைக் கடித உறைக்குள் வைத்துத் தபாற்பெட்டியில் போட எந்தத் தாய்க்குத் துணிவு வரும்?

அதனால் யாழ்ப்பாணத்தில் உள்ள வங்கிகளை மிகவும் பணிவாகக் கேட்கிறேன். இப்படியான தாள்களைப் பற்றுச்சீட்டுக் கொடுத்துப் பெற்று, அந்தந்த நாட்டு மத்திய வங்கிக்கு அனுப்பி, காசு வந்த பிறகு கணக்கில் போடுங்கள். மூன்று மாதம் சென்றாலும் பரவாயில்லை, உங்கள் கட்டணத்தையும் கழித்துக்கொள்ளுங்கள். அதுவும் முடியாது என்றால், "எடுக்கிறதில்லை" என்பதோடு நிறுத்தாமல், எங்கே மாற்றலாம் என்ற ஒரு வரியையாவது சொல்லி அனுப்புங்கள். அந்த ஒரு வரி தெரிந்திருந்தால் நான் அன்றைக்கு அழுதிருக்கமாட்டேன்.

வந்திருக்கும் பிள்ளைகளே, அம்மாவுக்குக் காசு கொடுப்பதென்றால் அவரது வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள். போன பயணங்களில் கொடுத்த தாள்கள் எங்கே என்று ஒருமுறை கேளுங்கள். சேலைக்குக் கீழே, சாமிப்படத்துக்குப் பின்னால், அரிசிப் பானைக்குள் எல்லாம் பாருங்கள். அம்மாமார் தாங்களாகச் சொல்லமாட்டார்கள்.

பக்கத்து வீட்டு அம்மாவின் நாலு தாள்களும் இன்னும் அவரிடம்தான் இருக்கின்றன. மகளுக்கு இந்த வருடம் லீவு கிடைக்கவில்லை. தேருக்குப் பிறகு லண்டன் திரும்பும் நம்பிக்கையான ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
உரும்பிராயிலிருந்து ஒரு வாசகி