மோர் வராத பந்தி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முடிவடையாத மிகுபுனைவு (ஃபேண்டஸி) நாவல் வரிசைகளைப் பற்றிச் சென்ற இதழில் தங்கள் கட்டுரையாளர் எழுதியதைப் படித்தேன். கட்டுரை நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. அடுத்த பாகம் எப்போது என்று கேட்கும் வாசகர்களை, இட்லி வரத் தாமதமானால் டம்ளரால் மேசையைத் தட்டும் ஓட்டல் வாடிக்கையாளர்களோடு அவர் ஒப்பிட்ட வரியில்தான் இதழை மூடிவைத்தேன். மேசையைத் தட்டும் பழக்கம் எனக்கு இல்லை. ஆயினும் சாப்பாட்டுப் பேச்சை அவரே தொடங்கிவைத்ததால் ஒன்று சொல்கிறேன். எங்களுக்கு இலை போட்டு, சாம்பாரும் ரசமும் ஊற்றி, மோருக்கென்று சோற்றையும் வைத்துவிட்டு, ‘இதோ வருகிறேன்’ என்று உள்ளே போனவர் பரிமாறியவர்தான். கை காய்ந்து உட்கார்ந்திருப்பவன் சமையற்கட்டின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்ப்பது அவ்வளவு அநாகரிகமா?

ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ வரிசையைத் தாங்கள் அறியாதவர் அல்லர். 1996, 1998, 2000 என்று ஈராண்டுக்கு ஒன்றாக முதல் மூன்று பாகங்களும் வந்தன. நான்காம் பாகத்தை நான் வாங்கியது 2005ஆம் ஆண்டின் இறுதியில். என் மகள் பிறந்த சமயம் அது. மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்துதான் படிக்கத் தொடங்கினேன். கதை பெருத்துவிட்டதால் பாதி மாந்தரின் கதையை மட்டும் இந்நூலில் கொடுத்திருப்பதாகவும், மற்றவர்களின் கதை அடுத்த ஆண்டு வந்துவிடும் எனத் தாம் உளமார நம்புவதாகவும் ஆசிரியரே பின்குறிப்பு எழுதியிருந்தார். நானும் உளமார நம்பினேன். அந்த ‘அடுத்த ஆண்டு’ 2011 ஜூலையில் வந்தது. கைக்குழந்தையாக இருந்தவள் அதற்குள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். இப்போது கல்லூரியில் படிக்கும் அவள், என்னுடைய அதே பிரதிகளை எடுத்துப் படித்துவிட்டு, ஐந்தாம் பாகத்தின் இறுதியில் கத்திக்குத்துப் பட்டுப் பனியில் விழும் ஜான் ஸ்னோ பிழைப்பானா என்று என்னையே கேட்கிறாள். 14 ஆண்டுகளுக்கு மேலாக அவன் அங்கேயேதான் கிடக்கிறான்.

தங்கள் கட்டுரையாளர் துணைக்கு அழைத்த, இந்தத் தாமதம் பற்றிக் கேட்ட வாசகர் ஒருவருக்கு எழுத்தாளர் நீல் கெய்மன் எழுதிய 2009ஆம் ஆண்டுப் பதிலும் எனக்குப் புதிதன்று. மார்ட்டின் வாசகர்களுக்கு ஏவலாள் அல்லர் என்பதை அவர் இதைவிடக் காரமான சொல்லால் சொன்னார். ஒரு பாகத்தை வாங்கியதாலேயே அடுத்ததற்கு ஒப்பந்தம் ஏற்பட்டுவிடாது என்றும் எழுதினார். ஒப்புக்கொள்கிறேன். என்னிடம் பத்திரம் ஏதும் இல்லை. ஆனால் நாள் குறித்தவர்கள் நாங்களா? ஆறாம் பாகத்துக்கான தவணைகள் தவறிவிட்டதை 2016 ஜனவரியில் மார்ட்டின் வருத்தத்தோடு ஒப்புக்கொண்டபோது, அந்த நேர்மையை மதித்து அவருக்காகப் பரிந்து பேசியவர்களில் நானும் ஒருவன். 2019இல் அவரே மறுபடியும் ஒரு கெடு வைத்தார். மறு ஆண்டு நியூசிலாந்தில் நடக்கவிருந்த உலக அறிவியல் புனைவு மாநாட்டுக்கு வரும்போது நூல் கையில் இல்லாவிட்டால், கந்தக அமில ஏரி இருக்கும் அந்நாட்டின் ஒயிட் தீவில் தம்மைச் சிறைவைக்கலாம் என்று வேடிக்கையாகச் சொன்னார். அந்த டிசம்பரிலேயே அத்தீவின் எரிமலை வெடித்துச் சுற்றுலா வந்தவர்கள் பலர் இறந்தார்கள். அந்த வேடிக்கைக்குச் சிரித்ததை நினைத்தால் இன்று எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மாநாடும் பெருந்தொற்றினால் இணையவழியில் நடந்து முடிந்தது. நூல் வரவில்லை. இதற்கிடையே அதே உலகின் முன்கதையை ‘ஃபயர் அண்ட் பிளட்’ என்ற தடித்த நூலாக 2018இல் எழுதித்தர அவருக்கு நேரம் இருந்தது. மோர் கேட்டவனின் இலையில் இன்னொரு கரண்டி பாயசம்.

இந்த நாவல்களை வைத்து எடுத்த ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொலைக்காட்சித் தொடர் 2019 மே மாதத்திலேயே முடிந்துவிட்டதே, முடிவை அதில் பார்த்துக்கொள்வதுதானே என்பார்கள். புத்தகத்தில்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக நான் அதைப் பார்க்காமல் இருந்தேன். ஒரு திங்கட்கிழமை அலுவலகத்தில் தேநீர் ஆற்றிக்கொண்டே, அரியணையில் யார் அமர்ந்தார் என்பதை ஒரு நண்பர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். தங்கள் வாசகர்களில் இன்னும் அறியாதவர் இருக்கக்கூடும் என்பதால் அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. மேசையைத் தட்டுபவர்களுக்கும் அந்த அளவு நாகரிகம் உண்டு.

இன்னொரு மிகுபுனைவு எழுத்தாளரான பேட்ரிக் ராத்ஃபஸின் ‘கிங்கில்லர் கிரானிக்கிள்’ முத்தொகுதியில் இரண்டாம் பாகம் வெளிவந்ததும் 2011இல்தான். மூன்றாவது இன்றுவரை இல்லை. 2021 இறுதியில் அறப்பணிக்கு நிதி திரட்டியபோது, குறித்த தொகை சேர்ந்தால் அந்த மூன்றாம் பாகத்திலிருந்து ஓர் அத்தியாயத்தை வெளியிடுவதாக அவர் சொல்லியிருந்தார். தொகை சேர்ந்தது, அத்தியாயம் வரவில்லை. இதைக் கேட்பவன் பேராசைக்காரன் என்றால் இருந்துவிட்டுப் போகிறேன்.

காலன் குறுக்கிட்டால் யாரையும் நோக முடியாது. ‘வீல் ஆஃப் டைம்’ வரிசையை எழுதிய ராபர்ட் ஜோர்டன் தமது நோய் தெரிந்த பிறகு முடிவுக்கான குறிப்புகளைச் சொல்லி எழுதவைத்துவிட்டு 2007இல் மறைந்தார். அவர் மனைவி தேர்ந்தெடுத்த பிராண்டன் சாண்டர்சன் மேலும் மூன்று நூல்களை எழுதி 2013இல் அந்த வரிசையை நிறைவு செய்தார். நம்மிடமும் கல்கி 1954 டிசம்பரில் மறைந்தபோது நடுவில் நின்ற ‘அமரதாரா’வை அவர் மகள் ஆனந்தி முடித்துவைத்தார். ‘பொன்னியின் செல்வ’னை முடித்த பிறகும், அந்த மாந்தர்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்று கேட்ட வாசகர்களுக்காகக் கல்கி ஒரு முடிவுரையும் எழுதினார். கேட்டவர்களை அவர் கேலி செய்யவில்லை.

தங்கள் இதழில் மேசை தட்டும் அந்த வரியைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றதற்கு வேறொரு காரணமும் உண்டு. என் தந்தையார் தொடர்கதைகளை வாரந்தோறும் கிழித்துச் சேர்ப்பவர். ‘முற்றும்’ என்ற சொல்லைக் கண்ட பிறகுதான் கோணி ஊசியும் சணலும் வெளியே வரும்; மயில்துத்தம் கலந்து காய்ச்சிய மைதாப் பசையின் வாடை இரண்டு நாள் வீட்டில் நிற்கும். 1987இல் தங்கள் இதழில் வந்த ஒரு சரித்திரத் தொடர், நாயகன் சுரங்கப்பாதைக்குள் இறங்கிய 31ஆம் அத்தியாயத்தோடு நின்றுபோயிற்று. அடுத்த வாரம் அந்தப் பக்கங்களில் ஊறுகாய் வகைகள் வந்திருந்தன. விளக்கமாக ஒரு வரிகூட இல்லை. தந்தையார் மூன்று அஞ்சலட்டைகள் போட்டார், ஒன்றுக்கும் பதில் இல்லை. அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் கட்டு இன்னும் எங்கள் பரணில் அட்டை போடப்படாமல் இருக்கிறது. அதன் கடைசித் தாளின் அடியில் ‘தொடரும்’ என்றுதான் அச்சாகியிருக்கிறது.

முழுதும் வெளிவராத எந்த வரிசையிலும் முதல் பாகத்தை நான் இப்போதெல்லாம் வாங்குவதில்லை. எல்லாரும் இப்படிச் செய்தால், முதல் பாகம் விற்காத புதியவரின் இரண்டாம் பாகத்தைப் பதிப்பகம் கைவிட்டுவிடும் என்பதும், யாரோ செய்ததற்கு அவர் தண்டம் கட்டுகிறார் என்பதும் தெரிந்தேதான் இருக்கிறேன். சூடு கண்ட பூனையிடம் நியாயம் பேசிப் பயனில்லை.

தங்களிடம் நான் வேண்டுவது சிறிய உதவிதான். நூல் மதிப்புரைகளின் தலைப்பில் பக்கம், விலை, பதிப்பகம் என்று அச்சிடும் இடத்தில், நூல் ஒரு வரிசையைச் சேர்ந்ததாயின் மொத்தம் எத்தனை பாகங்கள் திட்டமிடப்பட்டுள்ளன, இதுவரை எத்தனை வந்துள்ளன, கடைசியாக வந்தது எந்த ஆண்டு என்பதையும் சேர்த்துப் போடுங்கள். அத்துடன், அந்த 1987ஆம் ஆண்டுத் தொடரின் 32ஆம் அத்தியாயம் தங்கள் அலுவலகத்தின் பழைய கோப்புகளில் கையெழுத்துப் பிரதியாகவேனும் இருக்குமானால், நகலெடுக்கும் செலவையும் தபால் செலவையும் முன்பணமாகவே அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
திருச்சிராப்பள்ளி