திறன் ஆய்வகச் சாவி யாரிடம் இருக்கிறது?

தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரி முதல்வர்களுக்கு,

வணக்கம். குழந்தைகள் வார்டில் பல ஆண்டுகளாக இரவுப் பணி பார்த்துவரும் மருத்துவன் நான். பூட்டிக் கிடக்கும் ஓர் அறையைப் பற்றி எழுதுகிறேன்.

2019இல் மருத்துவப் படிப்புக்குப் புதிய பாடத்திட்டம் வந்தபோது, மாணவர்கள் பொம்மைகளில் சிகிச்சை செய்து பழகும் அறையான திறன் ஆய்வகமும் கட்டாயமானது. பொம்மைகள் வாங்கினார்கள். நான் இருந்த ஒரு கல்லூரியில், கைக்குழந்தை அளவிலான பயிற்சி பொம்மையின் பிளாஸ்டிக் உறை ஓராண்டாகியும் பிரிக்கப்படவில்லை. ஆய்வுக் குழு வரும் நாளில் துடைத்து மேசைமேல் கிடத்துவார்கள். குழு கிளம்பியதும் அது அலமாரிக்குள் போய்விடும். சாவி வைத்திருப்பவர் மாலை நான்கு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார். குழந்தையின் மூச்சு நிற்பதற்கு அலுவலக நேரம் கிடையாது.

ஒருநாள் எழுதிக் கொடுத்து அந்தப் பொம்மையை வாங்கி வந்தேன். இரவு பதினொரு மணிக்கு வார்டுக் கட்டிலில் கிடத்தி, "ஒரு வயது, பத்து கிலோ, நிமோனியா, மூச்சு நின்றுவிட்டது" என்று குரல் கொடுத்தேன். கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பை உடனே வந்தது. அதில் மாட்டியிருந்ததோ பெரியவர்களுக்கான முகமூடி. பொம்மையின் கண்ணையும் சேர்த்து மூடியது. சின்ன முகமூடி மூன்றாவது இழுப்பறையில் கிடைத்தது. அதற்குள் பட்டமேற்படிப்பு மாணவர் நெஞ்சை அழுத்தத் தொடங்கியிருந்தார், பெரியவர்களுக்குச் செய்வதுபோல் முப்பது முப்பதாக. இரண்டு பேர் இருக்கும்போது குழந்தைக்குப் பதினைந்து அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இதயம்தான் முதலில் நிற்கிறது. குழந்தைக்கு மூச்சு தடுமாறி, பிறகுதான் இதயம் ஓய்கிறது. இது அந்த மாணவருக்குத் தெரியாததல்ல. கைக்குத்தான் தெரியவில்லை.

அடுத்தது, நின்ற இதயத்தைத் தூண்டும் அட்ரினலின் மருந்து. நம்மிடம் உள்ள ஆம்பூலில், அதாவது சின்னக் கண்ணாடிக் குப்பியில், ஒரு மில்லிலிட்டருக்குள் 1 மி.கி. இருக்கிறது. அதோடு 9 மி.லி. சலைன் சேர்த்து, கிலோவுக்கு 0.1 மி.லி. கொடுக்க வேண்டும், இந்தக் குழந்தைக்கு 1 மி.லி. பயிற்சி மருத்துவர் ஆம்பூலை உடைத்தார், உறிஞ்சினார், சலைன் கலக்காமலே முழுவதையும் ஏற்றிவிட்டார். 0.1 மி.கி. போகவேண்டிய இடத்தில் 1 மி.கி., பத்து மடங்கு. அவர் கெட்டிக்கார மாணவர். யாரும் அவரைத் திட்டவில்லை. பொம்மையின் பக்கத்திலேயே உட்கார்ந்து மூன்று முறை கலந்து பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.

உடனே பல லட்சத்துக்கு அழும், நீலம்பாயும், நாடி துடிக்கும் பொம்மை கேட்கப்போகிறேன் என்று நினைக்காதீர்கள். இருந்தால் நல்லது; இல்லையென்றாலும் குடி முழுகிவிடாது. 1960இல் முதல் உயிர்ப்பிப்புப் பயிற்சி பொம்மையைச் செய்தவரே நார்வேயில் விளையாட்டுப் பொம்மை தயாரித்துக்கொண்டிருந்த ஆஸ்முண்ட் லேர்டால்தான். மருந்து செலுத்த ரத்தக்குழாய் அகப்படாதபோது கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் இடையிலுள்ள எலும்புக்குள் ஊசி ஏற்றிப் பழக, கறிக்கடையில் வாங்கும் கோழிக்கால் போதும்.

நான் கேட்பது வேறு. ஒரு பொம்மையாவது வார்டிலேயே இருக்கட்டும். மாதம் ஒருமுறை, இரவுப் பணி உட்பட ஒவ்வொரு பணிமுறையிலும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். இரண்டாண்டுக்குச் செல்லும் உயிர்ப்பிப்புப் பயிற்சிச் சான்றிதழ் கையில் இருக்கலாம். கைப்பழக்கம் சில மாதங்களிலேயே மங்கிவிடுகிறது. செவிலியர்களை விட்டுவிடாதீர்கள், கட்டிலருகே முதலில் ஓடிவருபவர்கள் அவர்கள்தாம். தயவுசெய்து இதற்கு மதிப்பெண் போட்டுவிடாதீர்கள். போட்டால் தவறை மறைக்கத்தான் பழகுவார்கள்.

அந்த இரவுக்குப் பிறகு எங்கள் வார்டுச் செவிலியர் ஒருவர் குழந்தை முகமூடிகளை அளவு வாரியாக எடுத்து, கட்டுத்துணி நாடாவால் ஆம்பு பையோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டார். அதற்குச் சுற்றறிக்கை எதுவும் வரவில்லை. உங்கள் கல்லூரியில் அந்த அறையின் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது என்று இந்த வாரம் விசாரித்துப் பாருங்கள், முடிந்தால் இரவு பதினொரு மணிக்கு.

இப்படிக்கு,
குழந்தை நல மருத்துவர் ஒருவர்