பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டும் அதிலுள்ள உறுதிமொழியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காலஞ்சென்ற என் அப்பாயியின் டிரங்குப் பெட்டியைச் சென்ற மாதம் திறந்தபோது, சேலை மடிப்புக்குள் மஞ்சள் துணியில் முடிந்துவைத்த ஒன்பது பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டுகள் கிடைத்தன. விரித்துப் பார்த்தேன். கொண்டுவருபவருக்கு ஐந்நூறு ரூபாய் தருவதாக உறுதியளித்து ரிசர்வ் வங்கி ஆளுநர் கையெழுத்திட்டிருக்கிறார். மத்திய அரசின் உத்தரவாதமும் அச்சாகியிருக்கிறது.

ஒரு ரூபாய் நோட்டில் இப்படி எந்த உறுதிமொழியும் இராது. அதை மத்திய அரசே வெளியிடுகிறது, நிதித்துறைச் செயலர் கையெழுத்திடுகிறார், சட்டமும் அதை நாணயமாகவே கொள்கிறது. மற்ற நோட்டுகள் ரிசர்வ் வங்கி நமக்குப் பட்டிருக்கும் கடன். அவற்றுக்கு ஈடாகத் தங்கமும் வெளிநாட்டுப் பத்திரங்களும் அரசுக் கடன் பத்திரங்களும் வைத்திருக்க வேண்டும் என்று 1934-ஆம் ஆண்டுச் சட்டம் விதிப்பதே அதனால்தான்.

2016 நவம்பர் 8 அன்று 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்ததோடு விஷயம் முடியவில்லை. அந்த நோட்டுகள் மீது ரிசர்வ் வங்கிக்கு இருந்த கடன் பொறுப்பும் அரசின் உத்தரவாதமும் 2016 டிசம்பர் 31 முதல் இல்லை என்று 2017-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. பத்து நோட்டுகளுக்கு மேல் வைத்திருந்தால் அபராதமும் உண்டு. கடன்பட்டவரே நாள் குறித்து, அதற்குள் வந்து கேட்காதவருக்குக் கடன் இல்லை என்று சொன்னால், வங்கிப் படி ஏறியறியாத ஒரு கிழவி என்ன செய்வாள்?

2023 மே மாதம் திரும்பப் பெறப்பட்ட 2,000 ரூபாய் நோட்டுக்கு அரசு இப்படிச் செய்யவில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும். வங்கிகளில் மாற்றுவதற்கான கெடு முடிந்த பிறகும், சென்னை உள்ளிட்ட ரிசர்வ் வங்கியின் 19 அலுவலகங்களில் அதை மாற்ற வழி வைத்தார்கள். அஞ்சலில் அனுப்பவும் அனுமதித்தார்கள். இங்கிலாந்து வங்கியோ, தான் புழக்கத்திலிருந்து விலக்கிய எந்தப் பழைய நோட்டுக்கும் இன்றளவும் மதிப்பைக் கொடுக்கிறது.

மதிப்பிழந்த நோட்டுகளில் 99 சதவீதத்துக்கு மேல் 2018-க்குள்ளாகவே திரும்பிவிட்டதாக ரிசர்வ் வங்கியே கணக்குக் காட்டிவிட்டது. கறுப்புப் பணத்தைப் பிடிக்கவே கெடு வைத்தோம் என்ற வாதத்துக்கு இனி இடமேது? ஆதார் நகலையும் எழுத்துமூல விளக்கத்தையும் பெற்றுக்கொண்டு, ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய் என்ற வரம்புக்குள், இறந்துபோனவர்களின் வாரிசுகளையும் சேர்த்து, எஞ்சிய நோட்டுகளை ஒருமுறை மாற்றித்தர நாடாளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்த வேண்டும். தமிழக உறுப்பினர்கள் இக்கோரிக்கையை அவையில் எழுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்.