மணி அடித்த பிறகும் கதவு திறந்திருக்கும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இரண்டு வாரத்துக்கு முன்பு, பள்ளி வாசலுக்குச் சற்று முன்னால் இருக்கிற திருப்பத்தில் ஒரு பைக் சறுக்கி விழுந்தது. பின்னால் உட்கார்ந்து வந்த மாணவிக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவளுடைய அப்பாவுக்குக் கால் சுளுக்கு. நல்லவேளை, அதோடு போயிற்று. அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தபோது சொன்னார்: "மணி அடிச்சா கேட்டைப் பூட்டிடுவீங்களே சார், அதான் கொஞ்சம் வேகமா வந்துட்டேன்."

கேட்டைப் பூட்டச் சொன்னது நான்தான். பிள்ளைகளுக்கு நேர ஒழுங்கு வரட்டும் என்று போட்ட விதி. அன்று இரவு அந்தப் பதிலை நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன். அடுத்த நான்கு நாளும் காலையில் வாசலில் நின்று பார்த்தேன். சீக்கிரம் வருகிறவர்கள் நிதானமாக வந்து இறக்கிவிட்டுப் போகிறார்கள். கடைசி ஐந்து நிமிடத்தில்தான் எல்லாம் தலைகீழாகிறது. ஹாரன் சத்தம், ஓரமாக நுழைவது, நடந்து வரும் சின்னப் பிள்ளைகளை உரசிக்கொண்டு போவது.

சரி, வேகம் என்ன செய்யும் என்று பிள்ளைகளே பார்க்கட்டும் என்று பத்தாம் வகுப்பு மாணவர்களை மைதானத்துக்கு அழைத்துப் போனோம். தரையில் சாக்பீஸால் கோடு போட்டார்கள். மணிக்கு 40 கிலோமீட்டரில் வரும் கார், குழந்தை குறுக்கே ஓடுவதைப் பார்த்து, ஒரு நொடியில் பிரேக்கை மிதித்து, முழுவதும் நிற்பதற்குள் சுமார் 20 மீட்டர் ஓடிவிடும். அதுவும் காய்ந்த சாலையில், நல்ல பிரேக் இருந்தால். 60-இல் வந்தால் சுமார் 36 மீட்டர். அப்புறம் ஒரு மாணவன் கேட்டான்: "முதல் கார் நின்ன இடத்துல ரெண்டாவது கார் எவ்வளவு வேகத்துல இருக்கும் சார்?" கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஏறக்குறைய 55. முதல் கார் நின்றே விட்ட இடத்தில், இரண்டாவது கார் அப்போதுதான் பிரேக்கே பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. சிரித்துப் பேசிக்கொண்டிருந்த பிள்ளைகள் கொஞ்ச நேரம் வாயே திறக்கவில்லை.

வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். பாடத்தில் நாமும் படித்ததுதான், வண்டியில் ஏறியதும் மறந்துவிடுகிறோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் எதிலாவது மோதுவது, சுமார் 14 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். நான்கு மாடிக்கும் மேல். மொட்டைமாடிச் சுவரின் விளிம்பில் பிள்ளையை யாரும் உட்காரவைக்க மாட்டோம், பெட்ரோல் டேங்கின் மேல் உட்காரவைக்கிறோம்.

இவ்வளவுக்கும் மிச்சமாவது என்ன? 5 கிலோமீட்டர் தூரத்தை 40-இல் போனால் ஏழரை நிமிடம், 60-இல் போனால் ஐந்து. அந்த இரண்டரை நிமிடத்தையும் சிக்னலும் நெரிசலும் பெரும்பாலும் தின்றுவிடும்.

உலகம் முழுவதும் 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் இறப்புக்கு முதல் காரணம் சாலை விபத்துதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எந்த நோயும் அல்ல. ஆண்டுக்கு சுமார் 12 லட்சம் பேர் சாகிறார்கள். நம் பள்ளியில் படிக்கிற அத்தனை பிள்ளைகளும் அந்த வயதுக்குள்தான் இருக்கிறார்கள். சிறு பிள்ளைகளுக்கு எதிரே வரும் வண்டியின் வேகத்தைச் சரியாக மட்டுக்கட்டத் தெரியாது. வண்டி தூரத்தில் இருந்தால் கடந்துவிடலாம் என்றுதான் நினைப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்து நாம்தான் மெதுவாக வர வேண்டும்.

ஹெல்மெட், சீட் பெல்ட் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன், திரும்பச் சொல்லவில்லை. உரிமம் இல்லாத பிள்ளைகளிடம் மட்டும் "பக்கத்துலதானே" என்று சாவியைக் கொடுக்காதீர்கள்.

வரும் திங்கள்கிழமை முதல் கேட்டைப் பூட்டுகிற வழக்கம் இல்லை. மணி அடித்த பிறகும் 15 நிமிடம் சின்னக் கதவு திறந்திருக்கும். வெளியே நிற்கவைப்பது, டைரியில் எழுதி அனுப்புவது எதுவும் கிடையாது. அந்த நேரத்தில் எந்த வகுப்பிலும் தேர்வு வைக்க வேண்டாம் என்று ஆசிரியர்களிடம் சொல்லிவிட்டேன். திருப்பத்துக்கு முன்பே பிள்ளையை இறக்கிவிடுங்கள். அங்கிருந்து அழைத்துவர ஒரு ஆசிரியர் நிற்பார். சின்னக் கதவருகே நான் இருப்பேன். ஏன் தாமதம் என்று கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்