தோல் வேறு, புல்வெளி வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் தென்னாப்பிரிக்கப் பயணக் கட்டுரையில் ஒரு வரி: ‘வெல்ட் என்னும் புல்வெளியில் நடக்கச் செய்ததால் இந்தச் செருப்புக்கு வெல்ட்ஸ்கோன் என்று பெயர்.’ காப்பி ஆறிப்போகும்வரை அந்த வரியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

முதலில், அது செருப்பே இல்லை, ஷூ. பெயர் ஃபெல்ஸ்கூன். அங்கே பேசும் ஆஃப்ரிகான்ஸ் மொழியில் ‘வி’ என்ற எழுத்தை ‘ஃப’ என்றுதான் வாசிப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா? ஃபெல் என்றால் தோல், ஸ்கூன் என்றால் ஷூ. புல்வெளிக்குத்தான் ஃபெல்ட். ஷூ பெயரின் நடுவில் ஒரு ‘ட்’ நுழைந்தது, புல்வெளிப் பெயரோடு கலந்துபோன குழப்பம். அதை நாமும் சுமக்க வேண்டுமா?

நான் பிரிட்டோரியாவில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவன். போன புதிதில் ஒரு கடையில் ‘வெல்ட் ஷூ’ கேட்டேன். கடைக்காரப் பெரியவர் தன் முழங்கைத் தோலைக் கிள்ளி இழுத்து “ஃபெல்” என்றார். அப்புறம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, வைக்கோல் நிறத்தில் காய்ந்து கிடந்த புல்லைக் காட்டி “ஃபெல்ட்” என்றார். அவ்வளவுதான் பாடம். அன்று வாங்கிய குடு மான்தோல் ஜோடி இன்னும் பரணில் இருக்கிறது. மேல்தோலை உள்ளே மடிக்காமல் வெளிப்பக்கம் விரித்து அடிப்பாகத்தோடு தைத்திருப்பார்கள். தையல் இன்னும் விடவில்லை.

படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டுரை ஹைஃபெல்ட் பற்றியது. 1,500 மீட்டர் உயரத்தில், மரம் அதிகம் இல்லாமல், ஜூலையில் உறைபனி விழும் புல்வெளி அது. நீங்கள் போட்டிருப்பதோ குடைபோல் விரிந்த மரமும் ஒட்டகச்சிவிங்கியும். ஆப்பிரிக்கா என்றாலே ஒட்டகச்சிவிங்கியா?

இது முதல் தடவையும் அல்ல. சென்னை அணிக்கு அத்தனை சீசன் ஆடிய தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வீரர் டு பிளெசியை ‘டுபிளெஸ்சிஸ்’ என்றே எழுதிக்கொண்டிருந்தீர்கள். கடைசி எழுத்து ஒலிக்காது என்று இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. சந்தா புதுப்பிக்கச் சொல்லும் கார்டு மட்டும் தவறாமல் வந்தது. ஃபேன், ஃபோன், ஃபிரிட்ஜ் விளம்பரங்களில் ஆய்த எழுத்துக்குப் பஞ்சமில்லை. கட்டுரைக்கு மட்டும்தான் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

சரி, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஒரே ஒரு வரித் திருத்தம். ராசிபலனுக்குக் கீழே இடமிருந்தாலும் போதும்.

இப்படிக்கு,
22 வருஷச் சந்தாதாரர்,
திருச்சி.